தையில் ஏறிய கொலஸ்ட்ரோல் ஆவணியில் தானாக இறங்குமா?

கேள்வி: வயது 49. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய், ஐந்து கிழமை நின்றுவிட்டு வந்த கையோடு ஆவணிக் கடைசியில் இரத்தப் பரிசோதனை செய்தேன். மொத்தக் கொலஸ்ட்ரோல் 5.0, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல்) 1.2, ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 1.6, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 3.1. இந்தத் தையில் திரும்பச் செய்தபோது முறையே 5.7, 1.1, 2.3, 3.6. ஹீமோகுளோபினும் 142 இலிருந்து 149 ஆகியிருக்கிறது. நிறை 3.5 கிலோ கூடிவிட்டது. புகைப்பதில்லை, சீனி வருத்தம் இல்லை. பிரஷருக்கு மட்டும் ஒரு குளிசை எடுக்கிறேன். இதய ஆபத்து எனக்கு நடுத்தரம் என்று கணக்குப் பார்த்த குடும்ப வைத்தியர், ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் குளிசை) தொடங்கலாம் என்கிறார். மைத்துனரோ, "அத்தான், குளிருக்கு உடம்பு கொழுப்பைச் சேர்க்கும். சமர் வர இறங்கிடும், குளிசை வேண்டாம்" என்கிறார். பச்சைத் தண்ணீரில் குளித்தால் பழுப்புக் கொழுப்பு எரியும் என்று ஒரு வீடியோவும் அனுப்பியிருக்கிறார். எங்கள் ஆட்களின் உடம்பு வெள்ளைக்காரரின் உடம்பிலிருந்து வேறா? சமர் வரை பொறுக்கலாமா, டொக்டர்?

பதில்: பனிக்காலத்தில் கொலஸ்ட்ரோல் ஏறும் என்று உங்கள் மைத்துனர் சொல்வது சரி. எவ்வளவு ஏறும் என்பதில்தான் பிழை விடுகிறார்.

இதை ஒழுங்காக அளந்த ஆய்வு ஒன்று அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், உங்கள் ஊரைப் போலவே பனி கொட்டும் இடத்தில் நடந்தது. முடிவுகள் 2004இல் வெளிவந்தன. ஆரோக்கியமான 517 ஆண், பெண்களை ஓராண்டு முழுவதும் பின்தொடர்ந்து, பருவத்துக்குப் பருவம் இரத்தம் எடுத்தார்கள். ஆண்களுக்கு மார்கழியிலும் பெண்களுக்குத் தையிலும் மொத்தக் கொலஸ்ட்ரோல் உச்சத்தில் நின்றது. ஆனால் ஆண்டுச் சராசரிக்கு மேலே ஆண்களுக்கு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம், பெண்களுக்கு 5ஐச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். ஏற்கெனவே கொலஸ்ட்ரோல் கூடியவர்களுக்கு ஏற்றம் இன்னும் கொஞ்சம் அதிகம். கோடையில் அதே அளவு கீழே போகும் என்று வைத்தால், ஆண்களுக்கு உச்சிக்கும் அடிக்கும் இடையே 8 மில்லிகிராம். கனடாவின் அலகில் சொல்ல 38.7ஆல் வகுக்க வேண்டும்: 0.2 மில்லிமோல். உங்களுக்கு ஏறியிருப்பதோ 0.7.

ஆக 0.2ஐப் பருவத்தின் கணக்கில் எழுதலாம். மிச்சம் 0.5 யாருடைய கணக்கில்?

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். வெயிலில் சில நாட்கள் வியர்த்துத் திரிந்தால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; இரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, ஒன்றிரண்டு கிழமைக்குள் பெருகிவிடும். குளிரில் எதிர்மாறு. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்தம் உள்ளே தள்ளப்படும். சிறுநீரகம் அதை "நீர் கூடிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு வெளியேற்றும். குளிரில் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவதற்குக் காரணம் இதுதான். கொலஸ்ட்ரோலை ஒரு லீற்றருக்கு இவ்வளவு என்றுதானே அளக்கிறோம்? நீர் குறைந்தால், கொழுப்பு ஒரு துளியும் கூடாமலே எண் ஏறும். மசசூசெட்ஸில் கண்ட ஏற்றத்தில் பெரும்பங்கு இந்த நீர்க் கணக்குத்தான் என்று அந்த ஆய்வே சொல்கிறது.

உங்கள் அறிக்கையில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஹீமோகுளோபின் 142 இலிருந்து 149 ஆனது 5 சதவீத ஏற்றம். இரத்தம் அந்த அளவுக்குச் செறிந்தது என்று எடுத்துக்கொண்டால், ஆவணியின் 5.0 வேறெதுவும் மாறாமலே 5.25 ஆகியிருக்கும். இது துல்லியக் கணக்கல்ல. ஹீமோகுளோபின் வேறு காரணங்களாலும் ஏறி இறங்கும். ஆனாலும் 0.7இல் 0.25 அளவு வெறும் நீர் என்று கொள்ள இடமிருக்கிறது. முன்பு சொன்ன 0.2ஐயும் இதையும் கூட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் ஒரே சங்கதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். தையின் எண் பொய்யாக உயர்ந்தது என்று நினைக்கிறீர்கள். ஆவணியின் எண் பொய்யாகத் தாழ்ந்ததாக இருக்கக் கூடாதா? ஐந்து கிழமை யாழ்ப்பாண வெயில், அதில் 25 நாள் திருவிழா, அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலரையும் போல நீங்களும் மச்சம் தவிர்த்திருந்தால் ஆடும் கோழித் தோலும் நிறைகொழுப்பும் தட்டில் குறைந்திருக்கும். கோயிலுக்கும் சந்தைக்கும் நடையும் கூடியிருக்கும். உணவு மாற்றம் எல்.டி.எல்.லில் தெரிய மூன்று நான்கு கிழமை போதும். நீங்கள் அளந்தது உங்கள் வழமையான கோடையை அல்ல, திருவிழாக் கால உடம்பை.

எஞ்சிய 0.45இல் ஒரு பங்கு வெறும் தற்செயல். ஒரே ஆளின் எல்.டி.எல்.லை, ஒன்றுமே மாறாத நாட்களில் எடுத்தாலும், சராசரியிலிருந்து 8 சதவீதமளவு இப்படியும் அப்படியும் ஆடும். ட்ரைகிளிசரைட் 20 சதவீதமளவு ஆடும். இரண்டு எல்.டி.எல். முடிவுகள் உண்மையிலேயே வேறு என்று நம்பிக்கையாகச் சொல்ல, இடைவெளி 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். உங்களுடையது 16. இரண்டே இரண்டு ஊசிக்குத்தை வைத்து மைத்துனராலும் வைத்தியராலும் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. மூன்றாவதும் நான்காவதும் வேண்டும். எப்படி என்று பின்னர் சொல்கிறேன்.

உடம்பு குளிருக்குக் கொழுப்பைச் சேர்க்கிறது என்ற பேச்சுக்கு வருவோம். கரடி சேர்க்கும், ஏனென்றால் அது மாதக்கணக்கில் சாப்பிடாமல் தூங்கப் போகிறது. மனிதரில் பருவம் கொழுப்பின் மீது கை வைக்கும் விதம் இடத்துக்கு இடம் வேறு. மேற்கு ஆபிரிக்காவின் கம்பியாவில் குளிரே இல்லை. ஆனால் அங்கத்தைய கிராமப் பெண்களின் நிறை ஆண்டுதோறும் கிலோக் கணக்கில் ஏறி இறங்குவதைக் கெனேபா என்ற கிராமத்தில் பல்லாண்டுகளாகப் பதிந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வயல் வேலை உச்சம், பழைய தானியமோ தீர்ந்துவிடும், கொழுப்புக் கரையும். அறுவடைக்குப் பிறகு திரும்ப ஏறும். அது பசியின் பருவம், குளிரின் பருவமல்ல. சைபீரியாவின் யாக்குத் மக்கள் மறுகோடி. தையில் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையை நெருங்கும் நாடு அது. அங்கே ஒரே ஆட்களை ஆடியிலும் தையிலும் அளந்தபோது, ஓய்வாக இருக்கையில் உடம்பு எரிக்கும் ஆற்றல் பனிக்காலத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடியிருந்தது. குளிருக்கு அவர்கள் உடம்பு எரிக்கிறது, சேர்க்கவில்லை. கிரீன்லாந்தின் இனுயிட் மக்களோ கடல் விலங்குகளின் கொழுப்பையே தலைமுறை தலைமுறையாக உண்டவர்கள். கொழுப்பமிலங்களைக் கையாளும் அவர்களின் மரபணுக்களே அதற்கேற்ப மாறியிருப்பது 2015இல் தெரியவந்தது. அவர்களின் உணவு இதயத்துக்கு நல்லது என்று படித்துவிட்டு அப்படியே பின்பற்றுவோருக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஆட்கள் பற்றிய கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. பழுப்புக் கொழுப்பு என்பது கழுத்தடி, காறை எலும்பின் மேற்புறம், முதுகெலும்பின் ஓரம் ஆகிய இடங்களில் கிடக்கும் திசு. சாதாரணக் கொழுப்பு சேமிப்பு, இது அடுப்பு. வளர்ந்தவர்களிடமும் இது வேலை செய்கிறது என்பதை 2009இல்தான் நெதர்லாந்து, பின்லாந்து, அமெரிக்க ஆய்வுகள் ஒரே நேரத்தில் உறுதிப்படுத்தின. அதே ஆண்டில் ஜப்பானின் சப்போரோவில் அளந்தபோது, கோடையை விடப் பனிக்காலத்தில் அது கூடுதலாகச் செயற்படுவது தெரிந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வெப்பநிலையை விடப் பகற்பொழுதின் நீளத்தோடுதான் அது நெருக்கமாக ஒத்துப்போனது. 2014இல் நெதர்லாந்தின் லெய்டனில் 12 தென்னாசிய வம்சாவளி இளைஞர்களையும் 12 வெள்ளை இளைஞர்களையும் குளிர்வித்துப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தாரின் பழுப்புக் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. சற்றுக் கூடிய வெப்பநிலையிலேயே நடுங்கத் தொடங்கினார்கள். ஓய்வில் எரித்த ஆற்றலும் குறைவு. 24 பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் ஒல்லியாகத் தெரிகிறவர்களுக்கும் வயிற்றுக் கொழுப்பும் கூடிய ட்ரைகிளிசரைட்டும் தாழ்ந்த எச்.டி.எல்.லும் வருகிற எங்கள் வழமையான கோலத்தோடு இது பொருந்துகிறது.

இதற்காகப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டாம். சப்போரோவில் கொழுப்பைச் சிறிதளவு குறைத்துக் காட்டிய பரிசோதனையில், இளைஞர்கள் 17 பாகை அறையில் மெல்லிய உடுப்போடு தினமும் 2 மணி நேரம், 6 கிழமை இருந்தார்கள். உங்களுக்கு 49; பழுப்புக் கொழுப்பு வயதோடு தேய்வது. வீடு 21 பாகை, கார் அதே அளவு, அலுவலகம் அதே அளவு. ரொறன்ரோப் பனிக்காலத்தில் உங்கள் தோலுக்குக் குளிர் படுவது வாகனத் தரிப்பிடத்துக்கு நடக்கும் நேரம் மட்டுமே. குளிசை எடுக்கும் பிரஷர்காரர் திடீரென்று பச்சைத் தண்ணீரில் நின்றால் இரத்த அழுத்தம் விறுவிறென்று ஏறும். மூன்று நிமிடக் குளியலால் எரியும் கொழுப்போ கணக்கிலெடுக்கும் அளவல்ல. இதைவிட ஆபத்தானது வாசலில் பனி அள்ளுவது. கனத்த பனி பெய்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுவது கியூபெக்கின் 1981 முதல் 2014 வரையான பதிவுகளில் தெளிவாகத் தெரிகிறது. சாப்பிட்ட உடனே அள்ளப் போகாதீர்கள். தூக்கி எறியாமல் தள்ளுங்கள். அரைச் சவள் போதும். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி 911ஐ அழையுங்கள்.

பெரிய குற்றவாளி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 3.5 கிலோ. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால் ஐந்து மாதத்தில் 27,000 கலோரி, நாளொன்றுக்கு 180. பெரிய தொகையல்ல, பொரித்த மட்டன் ரோல் ஒன்றின் அளவுதான். மார்கழியில் பார்ட்டி, புதுவருடம், அடுத்துப் பொங்கல், இடையில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடுவதால் நின்றுபோன நடை. அந்த 180க்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ட்ரைகிளிசரைட் 1.6 இலிருந்து 2.3 ஆனதும், எச்.டி.எல். இறங்கியதும் அதே பக்கம் கைகாட்டுகின்றன. இரத்தம் செறிந்தது மட்டும் காரணமென்றால் எச்.டி.எல்.லும் ஏறியிருக்க வேண்டும்; உங்களுக்கு இறங்கியிருக்கிறது. சீனியும் வெள்ளை மாவும் மதுவும் கூடும்போது ஈரல் அவற்றைக் கொழுப்பாக்கி, துகள்களாக இரத்தத்தில் விடுகிறது. அந்தத் துகள்கள் தம் ட்ரைகிளிசரைட்டை எச்.டி.எல்.லுக்குக் கொடுத்துக் கொலஸ்ட்ரோலை வாங்கிக்கொள்கின்றன. ட்ரைகிளிசரைட் நிறைந்த எச்.டி.எல். விரைவில் சிதைந்து குறைகிறது.

எனவே முதல் வேலை இங்கே. ஒரு நாளில் மூன்று பால்தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 24 கிராம் சீனி, ஏறத்தாழ 100 கலோரி. அதை ஒரு கரண்டியாக்கி, பிறகு இல்லாமலாக்குங்கள். ரோல்ஸ், பற்றீஸ், மிக்சர் ஆகியவை வீட்டில் இருந்தால் தின்னத்தான் செய்வோம். வாங்காமல் இருப்பதே இலகு. தேங்காய் எண்ணெயில் தாளிப்பதைக் கனோலாவுக்கோ நல்லெண்ணெய்க்கோ மாற்றினால் எல்.டி.எல். இறங்கும், சொதிக்கு முதற்பாலைக் குறையுங்கள். புட்டையோ சோற்றையோ விடச் சொல்லவில்லை, அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தைப் பருப்பாலும் கீரையாலும் நிரப்புங்கள். நடக்க வெளியே வழியில்லை என்றால் ஷொப்பிங் மோல்கள் இருக்கின்றன: 40 நிமிடம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில், கிழமைக்கு ஐந்து நாள். மதுவை ட்ரைகிளிசரைட் இறங்கும் வரை முற்றாக நிறுத்துங்கள்.

விற்றமின் டி பற்றி நீங்கள் கேட்கவில்லை. மைத்துனர் அடுத்து அதைத்தான் அனுப்புவார். தோலில் வெயில் பட்டால் விற்றமின் டி ஆகும் மூலப்பொருளே கொலஸ்ட்ரோலாகவும் மாறக்கூடியது என்பது உண்மை. ரொறன்ரோ அட்சரேகையில் பனிக்கால வெயிலுக்கு அந்த வலு இல்லை என்பதும் உண்மை. ஆனால் விற்றமின் டி குளிசையால் கொலஸ்ட்ரோல் இறங்குவதில்லை. எலும்புக்காக நாளொன்றுக்கு 600 அலகு எடுங்கள், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மறுபரிசோதனை. மூன்று கிழமை இடைவெளியில் இரண்டு முறை, பங்குனி முடிவதற்குள். தடிமன், காய்ச்சல் வந்தால் குணமாகி மூன்று கிழமை பொறுங்கள், தொற்று எல்.டி.எல்.லைப் பொய்யாக இறக்கி ட்ரைகிளிசரைட்டை ஏற்றும். ஒரே ஆய்வுகூடம், ஒரே காலை நேரம். கனடாவில் இப்போது பட்டினி கட்டாயமில்லை, ஆனால் உங்கள் ட்ரைகிளிசரைட்டுக்காக இம்முறை 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் போங்கள்; தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். முந்திய மூன்று நாட்கள் மதுவோ விருந்தோ வேண்டாம். போனதும் கையை நீட்டாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். நடந்து வந்தவுடன் எடுத்த இரத்தத்துக்கும் படுத்திருந்து எடுத்ததற்கும் இடையே கொலஸ்ட்ரோல் 10 சதவீதம்வரை வேறுபடலாம். கைப்பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும் எண் ஏறும்.

வழமையான கொழுப்புப் பட்டியலோடு மூன்றைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, அப்போ-பி, அதாவது கெட்ட கொழுப்புத் துகள்கள் எத்தனை என்று காட்டும் புரதம்: ட்ரைகிளிசரைட் 1.5ஐத் தாண்டியவர்களுக்கு எல்.டி.எல்.லை விட இதையோ, எச்.டி.எல். நீங்கலான கொலஸ்ட்ரோலையோ பார்க்கும்படிதான் கனடிய இதயநோய் வழிகாட்டி சொல்கிறது. இரண்டாவது, லிப்போபுரதம்-ஏ, அதாவது பரம்பரையாக வரும் ஒரு வகைக் கொழுப்புத் துகள்: வாழ்நாளில் ஒரு தடவை போதும், பருவத்தோடு பெரிதாக மாறாது, எங்கள் ஆட்களில் பலருக்குக் கூடியிருக்கும். மூன்றாவது, ரி.எஸ்.எச்., அதாவது தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோன்: தைரொயிட் மந்தமானால் எல்.டி.எல். ஏறும், நிறையும் கூடும். இந்த எண்ணும் பனிக்காலத்தில் சற்று ஏறுவது வழமை. எல்லைக்கோட்டில் வந்தால் உடனே தைரொயிட் குளிசை தொடங்காமல் இன்னொரு முறை பாருங்கள்.

குளிசை விடயம். நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு, அதாவது பத்தாண்டில் 10 முதல் 19.9 சதவீத ஆபத்துள்ளவர்களுக்கு, எல்.டி.எல். 3.5, எச்.டி.எல். நீங்கலான கொலஸ்ட்ரோல் 4.2, அப்போ-பி 1.05 ஆகியவற்றில் ஒன்றை எட்டினால் ஸ்டேட்டின் பற்றிப் பேசுவது கனடிய வழமை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: ஆவணியில் 3.8, தையில் 4.6. கோட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்கிறீர்கள். மசசூசெட்ஸிலும் இதுதான் நடந்தது. சராசரி ஏற்றம் சிறிதாக இருந்தாலும், மொத்தக் கொலஸ்ட்ரோல் 240 மில்லிகிராமைத் தொட்டவர்களின் எண்ணிக்கை கோடையை விடப் பனிக்காலத்தில் 22 சதவீதம் கூடுதல். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் பருவம் தள்ளி விழுத்துகிறது. ஆனால் உங்கள் 4.6இலிருந்து பருவத்துக்கும் நீருக்கும் 0.25ஐக் கழித்தாலும் 4.35, கோட்டுக்கு மேலேதான். வைத்தியர் அவசரப்படவில்லை.

பங்குனி வரை உணவையும் நடையையும் சரிசெய்துவிட்டு, இரண்டு முடிவுகளின் சராசரியோடு அவரிடம் போங்கள். 4.2க்குக் கீழே இறங்கி, அப்போ-பியும் லிப்போபுரதம்-ஏயும் நன்றாக இருந்தால், குளிசையில்லாமல் ஆறு மாதம் பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். இறங்காவிட்டால் தொடங்குங்கள், சமரைக் காத்திருக்க வேண்டாம். தமனியில் படிவது ஆண்டு முழுவதற்குமான சராசரி, ஆவணியில் கிடைத்த ஒரு நல்ல எண்ணால் அது மாறப்போவதில்லை. தொடங்கினால் 6 முதல் 8 கிழமையில் மறுபரிசோதனை: நடுத்தர அளவு ஸ்டேட்டின் எல்.டி.எல்.லை 30 சதவீதத்துக்கு மேல் இறக்க வேண்டும், உங்கள் 3.6 குறைந்தது 2.5 ஆக வேண்டும். பருவத்தின் 0.2 அந்த இறக்கத்தை மறைக்காது. கோடையில் எண் அழகாக வந்ததென்று குளிசையை நிறுத்திவிட்டு, அடுத்த தையில் திரும்ப வருபவர்கள் ஏராளம்.

மைத்துனர் தையில் வெந்தயத் தண்ணீர் தொடங்கச் சொல்லி, ஆடியில் எண் இறங்கியதைக் காட்டி "பாருங்கோ அத்தான்" என்றால், அதே வெந்தயத்தை ஆடியில் தொடங்கித் தையில் அளக்கச் சொல்லுங்கள். நீங்களும் இந்தத் தையின் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, வருகிற தையில் எடுப்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த திருவிழாவுக்குப் போய் வந்தால், திரும்பி ஆறு கிழமை கழியும் முன் ஆய்வுகூடப் பக்கம் போக வேண்டாம்.